கூன்முதுகுத் திமிங்கலத்தைப் பார்த்தால்: சேலத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சேலத்துக்காரர்களில் பலருக்குக் கடல் என்பது எப்போதாவது போகும் ராமேசுவரமோ கன்னியாகுமரியோதான். அங்கே தூரத்தில் ஒரு கரிய முதுகு எழும்பினால், ஊர் திரும்புவதற்குள் 'ஹம்ப்பேக்' (கூன்முதுகு) என்ற தலைப்போடு காணொளி குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. நம் கரையில் அது மிக அரிது. ஆனால் வரவே வராது என்று ஒதுக்குவதும் பிழை. ஓமன் அருகே 2017-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்ற பெண் திமிங்கலம் அரபிக்கடலைக் கடந்து, தெற்கே இறங்கி, மன்னார் வளைகுடா வரை வந்து திரும்பியது. அந்த அரபிக்கடல் கூட்டத்தில் ஓமன் பக்கம் இருப்பவை ஏறத்தாழ 82 மட்டுமே என்பது ஒரு மதிப்பீடு. அதனால்தான் ஒரே ஒரு ஒழுங்கான பதிவுகூட இங்கே பெரிய விஷயம்.

முதுகு வளைந்தாலே கூன்முதுகு என்று முடிவு கட்டுவது முதல் தவறு. மூழ்கும்போது மற்ற பெரிய திமிங்கலங்களும் முதுகை வளைக்கும். பார்க்க வேண்டியது பக்கத் துடுப்பை: உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். தலையில் முண்டு முண்டான புடைப்புகள், முதுகில் மேட்டின் மேல் சிறிய துடுப்பு. பிரைடு திமிங்கலத்துக்குத் தலையில் நீளவாக்கில் மூன்று மேட்டுக் கோடுகள், அரிவாள் போன்ற துடுப்பு; வாலைப் பெரும்பாலும் தூக்காது. எண்ணெய்த் திமிங்கலம் (ஸ்பெர்ம் வேல்) வாலைத் தூக்கும், ஆனால் அதன் மூச்சு முன்பக்கம் இடதாகச் சாய்ந்து பீறிடும். 2016-இல் மணப்பாடு கரையில் கூட்டமாக ஒதுங்கியவை பைலட் திமிங்கலங்கள்; அந்தப் படங்களையும் கூன்முதுகு என்று பகிரக் கூடாது.

அடுத்தது கேமரா. எல்லோரும் தலைக்காகக் காத்திருக்கிறார்கள். அடையாளமோ வாலின் அடிப்புறத்தில் இருக்கிறது. அங்குள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் தனி. கொலம்பியாவில் 2013-இல் படமெடுத்த ஆண் ஒன்றை 2022-இல் சான்சிபார் அருகே இனம்கண்டது இதை வைத்துத்தான். இடையே 13,000 கி.மீ.க்கு மேல். நாலைந்து மூச்சு விட்டபின் முதுகு நன்றாக வளைந்தால், அடுத்து வால் எழும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, தொடர் படப்பிடிப்பு, உங்கள் இடம் அதன் பின்பக்கம். வால் தப்பினால் முதுகுத் துடுப்பை இரு பக்கமும் எடுங்கள்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் அழிந்துவிடும். 'டாக்குமெண்ட்' ஆக மூலக் கோப்பை அனுப்புங்கள். மாதம் முக்கியம்: தென் அரைக்கோளக் கூட்டங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை வெப்பமண்டலக் கடலுக்கு வருகின்றன, அரபிக்கடல் கூட்டமோ அப்படித் துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே வலசை போவதே இல்லை.

தூரக் கணக்கிலும் கோட்டை விடுகிறார்கள். கரையில் நிற்பவருக்கு அடிவானமே 4.7 கி.மீ.தான், பத்து கி.மீ.யில் முதுகு தெரிந்தது என்றால் அந்தப் பதிவு நிற்காது. ஏற்காடு லேடீஸ் சீட்டில் 8x42 பைனாகுலரோடு நின்று, கீழே சேலத்தில் தெரியும் ஒரு கட்டடத்தின் தூரத்தை ஊகித்து, வரைபடத்தில் சரிபாருங்கள். சில முறை செய்தால் கண் பழகிவிடும்.

படகில் இருந்தால் துரத்தாதீர்கள், முன்னே குறுக்கிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 100 மீட்டருக்குள் போகத் தடை. குட்டி இருந்தால் 300. கரை ஒதுங்கியதைக் கண்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், மூச்சுத் துளையில் நீர் ஊற்றாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.