தடித்த ஸ்லாப் செரிஃப் தலைப்பு அப்பிக்கொண்டபோது

ஒரு சுவரொட்டிக்குத் தலைப்பை ராக்வெல் என்ற எழுத்துருவின் போல்டில், அதாவது தடித்த வடிவில், வைத்திருந்தேன். அது ஸ்லாப் செரிஃப் வகை, கோடுகளின் நுனியில் கட்டையான பாதங்கள் இருக்கும். திரையில் கம்பீரமாகத்தான் இருந்தது. அச்சடித்து நாலடி தள்ளி நின்று பார்த்தால், ஆங்கிலச் சிறிய 'இ' எழுத்தின் கண் (உள்ளே இருக்கும் வெள்ளை இடம்) அடைபட்டு ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. 'ஆர்', 'என்' பக்கத்தில் பக்கத்தில் வந்த இடத்தில் இரண்டின் பாதங்களும் ஒட்டி 'எம்' போலவே ஆகிவிட்டன.

மை அதிகமோ என்று முதலில் அச்சைச் சந்தேகப்பட்டேன். பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஏற்கெனவே போல்டாக இருந்த எழுத்துருவின் மேல் மென்பொருளில் எழுத்தைத் தடிமனாக்கும் 'பி' பொத்தானையும் அழுத்தியிருக்கிறேன். அது புது வடிவம் எதையும் தருவதில்லை, கோடுகளைச் சும்மா வீங்க வைக்கும். ஸ்லாப் செரிஃபில் பாதங்களே தண்டு (எழுத்தின் முக்கியக் கோடு) அளவுக்குக் கனமானவை, உள்ளே இருக்கும் வெள்ளையும் குறைவு. அதனால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது.

அந்தப் பொத்தானை எடுத்தேன். அப்புறம் எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன், பாதங்கள் விலகிவிட்டன. கீழே இருந்த பத்தியையும் இதே போல்டில் வைத்திருந்தேன், அது தப்பு. பாதங்களே இல்லாத சாதாரண சான்ஸ் செரிஃப் எழுத்துருவுக்கு மாற்றினேன்.

தலைப்புக்குக் கிளாரெண்டன் என்ற இன்னொரு ஸ்லாப் செரிஃப் எழுத்துருவையும் போட்டுப் பார்த்தேன். 1845-இல் லண்டனில் வந்தது. தண்டும் பாதமும் சேரும் இடம் அதில் வளைந்து இறங்கும், ராக்வெல்லில் வெட்டினாற்போல நிற்கும். எனக்கு அந்த வளைவு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இந்தச் சுவரொட்டிக்கு ராக்வெல்லின் முறைப்புதான் சரி, அதையே வைத்துக்கொண்டேன்.