பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் டீம் நடத்துவது எப்படி

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், வடக்கேயும் தெற்கேயும் கடல் இருக்கிற ஊர் எங்களுடையது. பகலில் எனக்கு நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் வேலை. சாயந்தரம் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்கும் காலத்தில் நான் பள்ளி டீமில் லிஃப்டர், அதாவது அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். விளையாட்டு ஒழுக்கத்தைத் தரும் என்று ஆண்டு விழா மேடையில் பேசாதவர் கிடையாது. சும்மா பந்தைக் கொடுத்துவிட்டால் அது வாய்ச்சண்டையையும் தலைக்கனத்தையும்கூட நன்றாகவே தரும். நல்லது வரவேண்டும் என்றால் ஆட்டத்தைச் சுற்றிச் சில ஏற்பாடுகள் செய்ய வேண்டும்.

முதலில் இடம். கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓடுவதற்கு இடம் விட வேண்டும். சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது, முள் மணலுக்குள் கிடக்கும். பிள்ளைகளையே வரிசையாக உட்கார வைத்துப் பொறுக்கச் சொல்லுங்கள். கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டால் காற்றில் நிற்காது. மெல்லிய கயிற்றை இழுத்துக் கட்டி, முளைக்குச்சிகளை மணலுக்குள் ஆழமாக இறக்கிவிடுங்கள். பெண்களுக்கு நெட் உயரம் 2.24 மீட்டர்; சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இறக்கிக் கட்டலாம்.

கோர்ட்டை வாடைக் காற்று அடிக்கிற வாக்கிலேயே நீளமாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பக்கம் நிற்பவர்களுக்கு சர்வீஸ் நெட்டையே தாண்டாது. எதிர்ப்பக்கம் லேசாகத் தட்டினாலும் பந்து வெளியே போய் விழும். ஆனால் செட்டுக்குச் செட் பக்கம் மாறியாக வேண்டும், கடைசி செட்டில் 8 பாயிண்டிலேயே மாறும். அதனால் காற்றைக் குறை சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. கொஞ்ச நாளில் அவர்களாகவே எதிர்க்காற்றுக்குப் பந்தைத் தாழ்வாக அனுப்பப் பழகிவிடுவார்கள்.

நெட் கிழிந்தால் உடனே புதிது வாங்காதீர்கள். எங்கள் டீமில் நல்ல உயரமாக ஒருத்தி இருக்கிறாள், ஸ்மாஷ் அடித்தால் பந்து மணலில் குழி பறிக்கும். அப்பா கடை வைத்திருக்கிறார், வலை ஊசியை அவள் தொட்டதே இல்லை. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு அப்பத்தா வீட்டுத் திண்ணையில் பழகிய கை. நெட் அறுந்த அன்று சிறியவள் உள்ளங்கை அகலத்தை வலைக் கண்ணின் அளவாக வைத்து நூலைச் சுற்றி முடிச்சை இறுக்க, பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கேயா விடணும், இப்படியா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவள் போட்ட முதல் முடிச்சு வழுக்கியது. சிறியவள் ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து மறுபடி கையில் கொடுத்தாள். மறுநாள் அந்தச் சிறுமி ஒரு பந்தைத் தவறவிட்டபோது பெரியவளிடமிருந்து வழக்கமான திட்டு வரவில்லை.

ரொட்டேஷனில், அதாவது முன்வரிசையும் பின்வரிசையுமாக இடம் மாறி நிற்பதில், யாருக்கும் சலுகை காட்டக் கூடாது. சில ஊர்களில் உயரமானவர்களை நெட்டடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பின்வரிசையில் விழுந்து பந்து எடுக்காதவளுக்கு எடுத்துக் கொடுப்பவளின் அருமை தெரியாது. இன்னொன்று, ஸ்கோர் நோட்டில் அடித்தவள் பெயருக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுத்தவள் பெயரையும் எழுதுங்கள். லிஃப்டராக இருந்தவளுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் 'டச்'. அடித்த பந்து, தடுக்க எழும்பியவளின் விரல் நுனியில் உரசி வெளியே விழுந்தால், பாயிண்ட் பந்தை அடித்த அணிக்கு. உரசியது பெரும்பாலும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பயிற்சியில் ரெஃப்ரி கிடையாது. பட்டவளே கையைத் தூக்க வேண்டும். ஒருநாள் 23-24 என்று நிற்கும்போது ஒருத்தி தூக்கிவிட்டாள். செட் போய்விட்டது. "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்று கேப்டனே பாய்ந்தாள். இந்த மாதிரி நேரத்தில் கூட்டம் கூட்டிப் பாராட்டாதீர்கள்; அப்புறம் பாராட்டு வாங்குவதற்கென்றே படாத பந்துக்கும் கை தூக்குவார்கள். "சரித்தா, பக்கம் மாறுங்க" என்று அடுத்த செட்டைத் தொடங்கினேன். கேப்டனை வெளியே உட்கார வைத்து ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தேன். எதிரணியின் ஒவ்வொரு பாயிண்டையும் அவளே எழுதினாள்.

தோற்று வருகிற அன்று பஸ்ஸில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே கூடாது. புரோட்டா வாங்கிக் கொடுங்கள். தவறுகளை மறுநாள் மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வீடு. பெண் பிள்ளைகள் டீமை விட்டு நிற்பது பெரும்பாலும் வயதுக்கு வந்த வருடம்தான். அம்மாவைப் போய்ப் பார்த்தால், "அவுக அப்பா என்ன சொல்வாகளோ" என்பார்கள். அப்பா கடலில் இருப்பார். எந்த உடையில் விளையாடுவார்கள், எத்தனை மணிக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த நேரத்தை ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். மாதவிலக்கு நாட்களில் வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம் என்று அம்மாவின் காதுபடச் சொல்லுங்கள். இதனால் என்ன லாபம் என்று கேட்டால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லலாம். ஆனால் அதைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள், அந்த அளவுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அப்பாக்களைப் பிடிக்கத் தோதான நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அனுமதி கேட்டு வாசலில் நிற்காமல், "அண்ணே, போஸ்ட் நட ரெண்டு ஆள் வேணும்" என்று கூப்பிடுங்கள். தன் கையால் குழி தோண்டிக் கம்பம் நட்டவர் அந்த மைதானத்திலிருந்து மகளை அவ்வளவு சீக்கிரம் இழுத்துப்போக மாட்டார். ஜூனில் பள்ளி திறந்ததும், சுற்றுவட்டப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கேட்பார்கள். அதற்குள் பிறந்த தேதிச் சான்று, போட்டோ எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.