ஆசிரியையாக வாழ்ந்த அம்மாவுக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில், ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டுக்கிருத்தியத்துக்கும் மதிய போசனத்துக்கும் வந்தவர்கள் விடைபெறும்போது கையில் கொடுக்கப்படும் சிறு நூலைக் கல்வெட்டு என்கிறோம். நினைவு மலர் என்ற பெயரும் அதற்கு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆரம்ப வகுப்புகளில் கற்பித்த எங்கள் அம்மாவுக்குக் கல்வெட்டுத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, வீட்டு அலுமாரியில் சேர்ந்திருந்த பழைய கல்வெட்டுகளை எல்லாம் எடுத்துப் படித்தேன். அவற்றுள் பலவற்றில் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் வேறொரு தாய்க்கும் அப்படியே பொருந்திவிடும் என்பது என்னைத் துன்புறுத்தியது. அம்மாவுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு கல்வெட்டை எழுத வேண்டும் என்று முயன்றபோது நான் கற்றுக்கொண்டவற்றை, அதே நிலையில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். முப்பத்தொரு நாள் நீண்ட காலம் போலத் தோன்றினாலும், காடாற்று, எட்டுச்செலவு என்று முதல் பத்து நாள்கள் கிரியைகளிலும் வருவோர் போவோரிலும் கழிந்துவிடும். அச்சகத்துக்குக் குறைந்தது ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும். ஆகவே இருபதாம் நாளுக்குள் எழுத்து வேலை முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வருபவர்களே உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சிகள் என்பதால், முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியைப் பக்கத்தில் வைத்து, அவர்கள் சொல்வதைச் சொன்னவர் பெயரோடு குறித்து வையுங்கள். சாவீட்டில் எழுதிக்கொண்டிருப்பது மரியாதையாகுமா என்று நானும் தயங்கினேன். ஆனால் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அறிந்ததும், பேசியவர்கள் இன்னும் கூடுதலாகவே பேசினார்கள்.

அடுத்தது திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பக்கம் (பூர்வபக்கம் என்னும் வளர்பிறை அல்லது அபரபக்கம் என்னும் தேய்பிறை), திதி ஆகியவற்றைப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் இந்த வெண்பாதான் பிற்காலத்தில் ஆண்டுத் திவசத்துக்கு ஆதாரமாக இருக்கப்போவது. விசுவாவசு ஆண்டு, ஐப்பசி மாதம், அபரபக்கத் தசமி என்பது போன்ற விவரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, குடும்பக் குருக்களிடம் உறுதிசெய்த பின்னரே புலவரிடம் கொடுக்க வேண்டும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரத்தில் சில மணி வேறுபாடு வரக்கூடும் என்பதால், உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா வெளிநாட்டில் காலமாகியிருந்தால் இன்னும் கவனம் தேவை. குளிர்காலத்தில் ரொறன்ரோவில் செவ்வாய் இரவு ஒன்பது மணி என்பது யாழ்ப்பாணத்தில் புதன் காலை ஏழரை மணி. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தை வைத்துத் திதி பார்ப்பதானால் நேரத்தை இப்படி மாற்றியே பார்க்க வேண்டும். இந்த வெண்பா நான்கு அடிகள் கொண்டது, ஈற்றடி முச்சீராய் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்றால் முடிவது. சீர்களை இணைக்கும் தளை தட்டாமல் எழுதத் தெரிந்தவர் உங்கள் குடும்பத்தில் இல்லையென்றால், ஊரில் உள்ள பண்டிதரையோ தமிழாசிரியரையோ அணுகுவதே நல்லது.

இனி வாழ்க்கை வரலாறு. கல்வெட்டின் உயிர் இதுதான் என்பதால், மற்றப் பகுதிகளைச் சுருக்கியாவது இதற்கு இடமும் நேரமும் கொடுங்கள். “இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார்களின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியாரும்” என்று மரண அறிவித்தலில் வரும் வரிசை உறவுகளைச் சரியாகச் சொல்லிவிடுகிறது, அது தேவையானதும்கூட. ஆனால் அதையே விரித்து வரலாறாக எழுதினால், அம்மா யாருக்கு என்ன உறவு என்பது தெரியுமே தவிர, அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியாது.

ஆசிரியப் பணிக்குரிய செய்திகளைப் பத்திரங்களிலிருந்து எடுக்கலாம். முதல் நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழ், ஓய்வூதியப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கால வரிசையில் அடுக்கினாலே பணிவாழ்வின் சட்டகம் கிடைத்துவிடும். பாடசாலைகளின் நூற்றாண்டு மலர்களிலும் பரிசளிப்பு விழா மலர்களிலும் ஆசிரியர் குழுப் படங்கள் இருக்கும். அதிபரிடம் முறையாக அனுமதி கேட்டால், பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் அம்மா கடமையேற்ற நாளையும் விடைபெற்ற நாளையும் பார்த்துக்கொள்ள முடியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள், போர் நெருங்க, யாழ் நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியை விட்டு ஒரே இரவில் புறப்பட்ட குடும்பங்கள் பலவற்றிடம் பத்திரமும் இல்லை, படமும் இல்லை. அப்படியானால், இடப்பெயர்வுக்கு முன்பே வெளிநாடு சென்ற உறவினர்களிடம் கேளுங்கள். கலியாணப் படமும் கடிதங்களும் ஊரில் அழிந்திருக்க, இலண்டனிலோ பாரிஸிலோ ஒரு பெட்டிக்குள் பிரதி பத்திரமாக இருப்பதுண்டு. எங்கள் அம்மாவின் இளவயதுப் படம் ஒன்று அப்படித்தான் மச்சாள் ஒருவரிடமிருந்து வந்து சேர்ந்தது.

பழைய மாணவர்களிடம் கேட்கும்போது, “ரீச்சர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்க வேண்டாம், அன்பானவர், கண்டிப்பானவர் என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பதில் வராது. “வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். இன்று பேரப்பிள்ளைகள் கண்ட ஒரு மாணவர், தாம் இடக்கைப் பழக்கம் உடையவர் என்பதால் வீட்டில் அடிபட்டதையும், வகுப்பில் அம்மா தம்மை வாங்கின் (நீள இருக்கையின்) இடது ஓரத்தில் இருத்தி, பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் எழுத விட்டதையும் சொன்னார். அன்பு, பொறுமை, கடமையுணர்வு என்று நான் எழுதி வைத்திருந்த ஒரு பந்தியை அன்றிரவே நீக்கிவிட்டு, அந்த வாங்கை எழுதினேன்.

மனைவியை இழந்த அப்பாவிடம் பேசுவதுதான் மிகக் கடினமானது. அவரிடம் கட்டுரை எழுதித் தரும்படி கேட்பது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். பொருள்களைக் காட்டிப் பேசவிடுங்கள், இடையில் மௌனமானால் காத்திருங்கள், அவருடைய சம்மதத்தோடு தொலைபேசியில் குரலைப் பதிந்து வையுங்கள். “நல்ல மனிசி” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாதிருந்த எங்கள் அப்பா, அம்மாவின் சிவப்புப் பேனையைக் கண்டதும் பேசத் தொடங்கினார். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியதாக இருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் சின்னச் சுடரில் அம்மா விடைத்தாள் திருத்த, காற்றில் அணையாதபடி தாம் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்ததைச் சொன்னார். அவர் சொன்னபடியே, அவருடைய பேச்சு மொழியிலேயே அதை அச்சிட்டோம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதும்போது, ஒருவர் சொன்ன நிகழ்ச்சியை இன்னொருவர் திரும்பச் சொல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். அம்மம்மா என்பதா அப்பம்மா என்பதா என்பதை அவரவர் அழைத்தபடியே விடுங்கள்.

திருமுறைப் பகுதிக்குப் பஞ்சபுராணம் என்னும் ஐந்து பாடல்கள், சிவபுராணம், இறுதியில் வாழ்த்து என்ற வழமையான வரிசை போதுமானது. தாய் என்பதால், பட்டினத்தார் தம் தாயாரின் ஈமக்கிரியையின்போது பாடிய பாடல்களைச் சேர்ப்பது நம்மவர் வழக்கம். ஆசிரியை என்பதால், குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாடல்களையும் நாங்கள் சேர்த்தோம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை மனனம் செய்வித்தவர் அம்மாவே. கல்வெட்டைக் கையில் வாங்கிய பழைய மாணவர் சிலர், புத்தகத்தைப் பாராமலேயே அதைச் சொல்லிக்காட்டினார்கள்.

அச்சு வேலையில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. நீங்கள் ஒருங்குறியில் (யூனிக்கோடில்) தட்டச்சுச் செய்து கொடுப்பதை, அச்சகத்தார் பாமினி என்னும் பழைய முறை எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்புகளும் கிரந்த எழுத்துகளும் இடம் மாறிப்போவதுண்டு. ஆகவே மாற்றிய பின் வரும் மெய்ப்பை எழுத்தெழுத்தாக வாசியுங்கள், முக்கியமாகத் திருமுறைப் பக்கங்களை. மற்றது நன்றி நவிலலும் உறவினர் பெயர்களும்: ஒரு பெயர் விடுபட்டால் அந்த மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதால், தாய்வழியில் ஒருவரும் தந்தைவழியில் ஒருவருமாக இரண்டு மூத்தவர்களிடம் பட்டியலைக் காட்டி, முதலெழுத்துகளோடு சரிபாருங்கள். நடுவில் கம்பி தைக்கும் நூலானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். படங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் வருடி (ஸ்கான் செய்து) கொடுங்கள். கைத்தொலைபேசிச் செயலிகள் வழியாக அனுப்பிய படம் சுருங்கிவிடுவதால் அச்சில் மங்கும்.

வேண்டிய எண்ணிக்கைக்கு மேலாக இருபது பிரதிகளாவது அடித்துக்கொள்ளுங்கள். அம்மா படித்த பாடசாலைக்கும் கற்பித்த பாடசாலைகளுக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் நினைவு மலர்களையும் ஆவணமாகச் சேர்ப்பதால், குடும்பத்தார் சம்மதத்தோடு ஒரு பிரதியை அவர்களுக்கும் சேர்ப்பியுங்கள். அப்பாவின் குரற்பதிவையும் மாணவர்கள் சொன்னவற்றைக் குறித்த கொப்பியையும், அச்சில் இடமில்லாமல் விடுபட்டவை அவற்றில் இருப்பதால், ஆண்டுத் திவசம் வரையாவது ஒருவர் பொறுப்பில் வைத்திருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கொப்பி அம்மாவின் சிவப்புப் பேனையோடு சேர்த்து அப்பாவின் மேசையில் இருக்கிறது.