பழைய துப்பாக்கியின் குறிமணி தேய்ந்துவிட்டதா?

தாத்தா காலத்துப் பன்னிரண்டு போர் (12 bore, குழல் துளையின் அளவு) துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்களுக்கு இது. குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் பித்தளை மணி தேய்ந்தால், கண்ணளவில் ஒன்றை வாங்கித் திருகாதீர்கள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி மரை (திருகுப் புரி) மாறும். முதலில் தோட்டா அறை காலிதானா என்று விரலை விட்டே பாருங்கள். பிறகு பழைய மணியின் தண்டை வெர்னியர் காலிப்பரால் அளந்து, மரை அளவியையும் பொருத்திப் பாருங்கள். இரண்டு கருவிகளும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும்.

ஒற்றைக்குழல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மணி பெரும்பாலும் நேரே குழல் சுவரில் ஏறுவதால், தண்டு உள்ளே மயிரிழைகூட நீளக் கூடாது. நீண்டால் தோட்டாவிலிருந்து பாயும் ரவை (சிறு குண்டுகள்) அதில் உரசும். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும். நீளமாக இருந்தால் தண்டை அரத்தால் ராவிக் குறையுங்கள்.

துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள திருகாணிகளின் தலைவெட்டு மிகக் குறுகலானது. நுனி சரிவான சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதைச் சிதைத்துவிடும். அழகான பழைய வேலைப்பாடு அப்படிப் பாழாவது எனக்குப் பொறுக்காது! நுனியைத் தட்டையாகத் தீட்டி, வெட்டில் இறுகப் பொருந்திய பிறகே திருப்புங்கள்.

தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி ஊசி, வில், சுடும் விசை ஆகியவற்றில் கை வைக்கவே வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம், உங்கள் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.