செம்பனைத் தோட்டத்து ஆடுமாடுகள்: மழைக்கும் வெயிலுக்கும் தீவனம் போடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் பச்சை தெரியும். அதை நம்பி அவிழ்த்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மழை மாதங்களில் புல்லில் நீர்தான் அதிகம். வெயில் மாதங்களில் தண்டு முற்றி நார் ஏறிவிடும். இரண்டிலும் மாடு வயிறு நிரம்பியே மெலியும்.

முதலில் எடை. மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் செ.மீ.யில் அளக்கவும். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840 என்று போட்டால் கிலோ கிடைக்கும். 150 சுற்றளவு, 130 நீளம் என்றால் ஏறத்தாழ 270 கிலோ. செம்மறியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

அடுத்து அளவு. ஈரம் நீக்கிய கணக்கில் ஒரு நாளைக்கு மாட்டுக்கு எடையில் 2.5%, செம்மறிக்கு 3.5% வரை வேண்டும். அந்த 270 கிலோ மாட்டுக்கு 6.75 கிலோ. நேப்பியர் புல்லில் 20% காய்ந்த பொருள் இருக்கும்போது 34 கிலோ வெட்டினால் போதும். மழையில் அது 15% ஆக இறங்கினால் 45 கிலோ வேண்டும். இந்த 11 கிலோவைத்தான் பலர் கணக்கில் விடுகிறார்கள்.

ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மழையில் வெட்டிய புல்லை அரை நாள் வாடவிட்டுப் போடுங்கள். ஆடுகளைப் பனி காய்ந்த பிறகே மேய விடுங்கள். ஈரப் புல்லில் வயிற்றுப் புழுவின் குஞ்சுகள் மேலேறி நிற்கும். கீழ் இமையின் உட்புறம் வெளுத்தாலோ தாடைக்கடியில் வீங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டவும்.

புல் தழைக்கும் நாட்களிலேயே வெயிலுக்குச் சேமிக்க வேண்டும். 6 முதல் 8 வாரத்து நேப்பியரை வாடவிட்டு, 2-3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 100 கிலோவுக்கு 3 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) கலந்து, நீல டிரம்மில் மிதித்து அடைக்கவும். ஒரே நாளில் நிரப்பிக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். 3 வாரத்தில் பதமாகும். இனிய புளிப்பு வாசம் நல்லது. பூசணம் பிடித்ததை ஆட்டுக்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

இப்போது செம்பனை விதைப் பிண்ணாக்கு. ஏறத்தாழ 16% புரதம். மாட்டுத் தீவனத்தில் பாதி வரை சேர்க்கலாம். சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் தீவனச் சுண்ணாம்புத் தூளும் சேர்க்கவும். ஆனால் மாட்டுக்குப் போடும் அதே அளவில் செம்மறிக்குப் போட்டால் ஆட்டையே இழப்பீர்கள். பிண்ணாக்கிலுள்ள செம்புச் சத்தைச் செம்மறியின் ஈரல் வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று கண் மஞ்சளித்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஆடு விழுந்துவிடும். 30 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 200 கிராமைத் தாண்டவேண்டாம், அதையும் இடைவிடாமல் மாதக்கணக்கில் போடவேண்டாம். மாட்டுக்கான தாது உப்புக் கட்டியையும் ஆட்டுப் பட்டியில் தொங்கவிடாதீர்கள். சிக்னல் புல் என்ற மேய்ச்சல் புல்லும் செம்மறிக்கு ஆகாது. ஈரல் கெட்டு, வெயில் பட்டால் முகமும் காதும் வீங்கும்.

மேய்ச்சலுக்கு விடும் முன், எந்தப் பகுதியில் களைக்கொல்லி அடித்தார்கள் என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுவிடுங்கள்.

சினை ஆட்டுக்குக் கடைசி 6 வாரம் அடர்தீவனம் (பிண்ணாக்கு, தானியம் போன்ற சத்து மிகுந்த தீவனம்) கூடுதலாக வேண்டும். குட்டி வளர வளர வயிற்றில் புல்லுக்கு இடம் குறையும். கறவை மாட்டுக்கு ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ அடர்தீவனம் கூடுதல். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாக மாற்றவும். ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்பும், கழிச்சல் வரும்.