நடுவயதுக்குப் பின் சித்திரம் படிக்கப் போகிறவர்களுக்கு

ஐம்பதைக் கடந்தபின் சித்திரம் படித்து, அதைத் தம்மைச் சூழ்ந்தவர்களின் மனக்காயம் ஆறவும் பயன்படுத்த விரும்புபவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். 1983 ஜூலை இனவன்முறையைக் கண்டவர்களும், வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும், 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயக் குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்தவர்களும் அக்கம்பக்கத்தில் வாழும் நகரம் இது. இவர்களோடு இருந்து பணியாற்ற நினைப்பவர் முதலில் தாம் ஒழுங்காகப் படம் கீறப் பழக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தன் கை தடுமாறுவதன் கூச்சத்தை அறியாதவர், இன்னொருவருக்கு வெறுந்தாளை நீட்டும்போது அது எவ்வளவு அச்சமூட்டும் என்பதை உணரமாட்டார்.

கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறும் செயன்முறைத் தேர்வும் வேண்டும் என்பதால், இந்த வயதில் அந்த வழியில் முட்டிமோதுவதைவிடக் குறுங்கால வகுப்புகளையோ, ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1993 இல் தொடங்கிய விபவி நுண்கலைக் கல்விக்கூடம் போன்றவற்றையோ விசாரிப்பது நல்லது. கொழும்பில் சித்திரக் கல்வி பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கிறது. அதைத் தடையாகக் கொள்ள வேண்டாம். பின்னர் கொச்சிக்கடையிலும் மட்டக்குளியிலும் சித்திரக் குழு நடத்தும்போது இரு மொழியும் தேவைப்படும்.

வகுப்பில் சேர்ந்த கையோடு விலையுயர்ந்த எண்ணெய் வண்ணங்களை வாங்கிக் குவிப்பது கொழும்பு மனிதர்களுக்கே உரிய அவசரம். 2பி, 6பி பென்சில்களும் புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிய தாளும் முதல் சில மாதங்களுக்குப் போதும். மேசையில் ஒரு முருங்கைக்காயை வைத்து, தாளைப் பார்க்காமல், அதன் விளிம்பிலேயே கண்ணை ஊன்றி, கண் நகரும் வேகத்தில் பென்சிலையும் நகர்த்துங்கள். கோடு கோணலாகத்தான் வரும். ஆனால் காயின் முடிச்சுகளில் கை தயங்கி நிற்பதைக் கோட்டிலேயே காணலாம். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அதைப் பார்த்துக் கீறும் பழக்கம் இந்தக் கவனத்தைக் கெடுத்துவிடும். இடையிடையே பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றம் என்ற ஓவியக் காட்சிக்கூடத்துக்குச் சென்று, 1943 இல் உருவான ‘43 குழு’ என்ற இலங்கை நவீன ஓவியர் அமைப்பினரின் படைப்புகளில் ஒன்றின் முன் நெடுநேரம் நில்லுங்கள்.

ஓரளவு கை பழகியபின், மனவடு பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியுள்ள உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளைப் படியுங்கள். போர் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைக்கிறது என்று அவர் காட்டுவதால், ஆறுதலும் கூட்டாகவே தேடப்பட வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்ற அமைப்பு, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு களிமண், ஓவியம், கதை, நாடகம் என்று பணியாற்றிய விதமும் படிக்கத் தக்கது.

குழுவைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். “நடந்ததைக் கீறுங்கள்” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, வாழ்ந்த வீட்டின் படத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் கீறச் சொல்லலாம்: வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, அடுப்படியில் அம்மி எந்த மூலையில் இருந்தது என்று. அளவு தவறினால் திருத்த வேண்டாம். முற்றம் வீட்டைவிடப் பெரிதாக வந்திருந்தால், அவருக்கு அது அப்படித்தான் இருந்திருக்கிறது. சிலர் ஓர் அறையை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அது ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் உங்கள் வீட்டைக் கீறுவது, கேள்வியைவிட மேலான துணை.

கலை வகுப்பு எடுப்பவர் உளவளத்துணையாளர் ஆகிவிடமாட்டார். ஒருவர் உறைந்துபோனாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னாலோ, அவரைத் தனியே விடாமல், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைத்து, பயிற்சி பெற்றவரிடம் சேர்க்க வேண்டும்.

கீறிய தாள் கீறியவருக்கே சொந்தம். நன்கொடையாளருக்குக் காட்டவோ முகநூலில் இடவோ அவருடைய சம்மதம் வேண்டும். காணாமற்போனவரின் முகம் அதில் இருந்தால் குடும்பத்தாரையும் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு கோப்பு வைத்து, அவர் வகுப்பை விட்டு விலகும் நாளில் அதை முழுமையாக அவரிடமே கொடுத்துவிடுங்கள்.