இறகு இல்லாமல் ஒரு ஃப்ளை: கம்பளி நூலும் செம்புக் கம்பியும் போதும்

ஃப்ளை ஃபிஷிங்கில் புழு, மாவு எதுவும் கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் நூல், மயிர், இறகு என்று சுற்றி, பூச்சியைப் போலச் செய்துதான் மீனை ஏமாற்ற வேண்டும். அந்தப் போலிப் பூச்சிக்குத்தான் ஃப்ளை என்று பெயர். இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் தயங்கி நிற்பது இறகிடம். இதற்கென்றே வளர்த்த சேவலின் கழுத்துத் தோல் ஒன்று சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும்.

விலையைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சால்மன் ஃப்ளைகளுக்குக் கண் வைக்க, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகைத் தேடித்தேடி வாங்கினார்கள். மெழுகு சொட்டியது போல அதில் இருக்கும் மஞ்சள் புள்ளிக்காகத்தான். அந்த மோகம் இன்னும் அடங்கவில்லை. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடு போயின. திருடியவர் ஃப்ளை கட்டுகிறவர். மீனுக்கு அந்த இறகு வேண்டியதே இல்லை என்பதுதான் வருத்தம்.

அதனால் முதல் ஃப்ளையாக நான் சொல்லித்தருவது கில்லர் பக். இங்கிலாந்தின் வில்ட்ஷரில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர், கிரேலிங் மீனுக்காக உருவாக்கியது. பொருள் இரண்டே: கம்பளி நூல், செம்புக் கம்பி. கட்டும் நூல்கூடத் தேவையில்லை. கம்பியே நூலாகவும் எடையாகவும் வேலை செய்கிறது. ஆற்றடியில் ஊரும், கூனியைப் போல வளைந்த சிறு உயிரிகளாக மீன் இதை எடுத்துக்கொள்கிறது.

வேண்டியவை: 12 அல்லது 14ஆம் எண் தூண்டில் முள், மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 36 கேஜ் செம்புக் கம்பி கொஞ்சம், கத்தரிக்கோல், குறடு, முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறிய வைஸ்.

நூல் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சாயர் பயன்படுத்தியது சாட்விக்ஸ் 477 என்ற ரஃபு நூல். இப்போது அது தயாரிப்பில் இல்லை. கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் தருவார்கள். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான உருண்டையாக நின்றால் அக்ரிலிக். கம்பளி தண்ணீரை நன்றாகக் குடிக்கும், அதனால் சீக்கிரம் மூழ்கும். நிறத்தையும் நனைத்துப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். காய்ந்திருக்கும்போது லேசான இளஞ்சிவப்பு கலந்த சாம்பல் பழுப்பாக இருப்பது நனைந்ததும் இருண்டு, உயிருள்ளது போல மாறும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்தால் ஆயுளுக்கும் போதும்.

சரி, கட்டலாம்.

1. முள்ளின் நுனிக்குக் கீழே உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தி மடக்குங்கள். மீனை அதிகக் காயமில்லாமல் விடவும், உங்கள் விரலில் ஏறினால் கழற்றவும் இது உதவும். பிறகு வளைவுப் பகுதியை வைஸில் மாட்டுங்கள். தண்டு படுக்கையாக இருக்கட்டும்.

2. முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னால் கம்பியைத் தொடங்கி, நெருக்கமாகச் சுற்றியபடி வளைவு வரை போங்கள். அங்கிருந்து காதுப் பக்கம் திரும்பி, மறுபடி வளைவுக்கு வந்து நிறுத்துங்கள். மூன்று அடுக்கு ஆகிவிட்டது. கம்பியை வெட்ட வேண்டாம், அப்படியே தொங்கட்டும்.

3. கம்பளியின் முறுக்கைப் பிரித்து ஒரே ஒரு புரியை எடுங்கள். முழு நூலையும் சுற்றினால் ஃப்ளை உருளைக்கிழங்கு போல ஆகிவிடும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். புரியின் முனையை வளைவில் வைத்து, கம்பியால் நான்கு சுற்று இறுக்குங்கள்.

4. கம்பளியைக் காது நோக்கிச் சுற்றிக்கொண்டு போய், காதுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே திரும்பி, வளைவுக்கு வாருங்கள். வரும் வழியில் நடுவில் மட்டும் இரண்டு சுற்று கூடுதலாகப் போடுங்கள். தக்ளியில் நூல் சேர்ந்திருக்கும் அல்லவா, அப்படி நடு பருத்து இரு முனையும் ஒடுங்கியிருக்க வேண்டும்.

5. வளைவில் கம்பளியின் மேல் கம்பியை ஐந்து சுற்று இறுக்கமாகச் சுற்றி, மீதிக் கம்பளியை வெட்டுங்கள். கம்பியில் ஒரு வளையம் போட்டு முள்ளின் மேல் மாட்டி இழுங்கள்; இதேபோல இன்னொன்று. அப்புறம் கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் தானே முறிந்துவிடும். கத்தரியின் கூர் மழுங்காது. வாலில் தெரியும் அந்தச் செம்பு மினுக்கம் அழகுதான், மறைக்க வேண்டாம்.

முதல் மூன்று கோணலாகத்தான் வரும். அவற்றையும் எறியாதீர்கள், மீன் கடிக்கும்.

இது கைக்கு வந்ததும் மிதக்கும் ஃப்ளைக்குப் போகலாம். அங்கேயும் இறகுக்கு மாற்று உண்டு. இறக்கைக்குப் பாலிப்ரொப்பிலீன் நூல் வையுங்கள். தண்ணீரைவிட எடை குறைவான பொருள் அது. வண்டின் உடம்புக்கு மெல்லிய ஃபோம் தாள். மேஃப்ளை என்னும் ஆற்றுப் பூச்சியின் மெல்லிய வாலுக்கு பெயின்ட் பிரஷ்ஷின் செயற்கை இழை இரண்டு.

கட்டி முடித்த கில்லர் பக்கை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். முதலில் விரலால் அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிடுங்கள். நேராக அடிக்குப் போனால் ஆற்றுக்கு எடுத்துப் போகலாம். மிதந்து தயங்கினால் அடுத்ததில் கம்பியை இன்னும் இரண்டு அடுக்கு சேருங்கள்.